படகைக் கட்டுவதும் பெண்டாட்டியைத் திட்டுவதும்

பிரான்சில் குடியேறிய நம் புதுச்சேரிக்காரர்களில் ஓய்வு பெற்ற பிறகு சொந்தப் படகு வாங்கியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். வீடு வாங்குவார்கள், இங்கே ஊரில் ஒரு மனை வாங்கிப் போடுவார்கள், பேத்திக்கு நகை வாங்குவார்கள். என் தங்கை வீட்டுக்காரர் படகு வாங்கினார். அந்தப் படகைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பல வருடம் மனசுக்குள் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளை இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவரிடம் நேரிலேயே சொன்ன விஷயம்தான் இது.

அவருடைய அப்பா சொல்தா. 1962 ஆகஸ்டில் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் ஆறு மாத அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். எங்கள் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் நான் இங்கே குமாஸ்தா ஆனேன், அவர் அங்கே கடற்படையில் சேர்ந்தார். ‘ஒப்சியோன்’ என்ற அந்த ஒரு தாள் எத்தனை வீடுகளை இப்படிப் பிரித்தது என்பது உங்களுக்கே தெரியும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

கடற்படையில் அவருக்கு எஞ்சின் அறை. துலோன் துறைமுகம்தான் அவருக்கு ஊர். போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது அவர் கீழே இருப்பார். மேலே யார் கயிறு எறிகிறார்கள், எந்தக் கயிறு முதலில் போகிறது என்பதெல்லாம் அவர் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். கேட்டதும் கட்டளையைத்தான். காரணத்தை அங்கே யாரும் சொல்வதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு பன்னிரண்டரை மீட்டர். இரண்டு டீசல் எஞ்சின், ஒவ்வொன்றும் 300 குதிரைத்திறன். எடை 11 டன்னுக்கு மேல். பழையதாக வாங்கி ஒரு குளிர்காலம் முழுக்கத் தானே பழுது பார்த்தார். உள்ளே இரண்டு படுக்கையறை, சமையல் அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. மாடியிலும் ஒரு ஸ்டியரிங். அங்கே நின்று ஓட்டினால் கடல் முழுக்கத் தெரியும், ஆனால் தன் படகின் பின்மூலை மட்டும் தெரியாது.

மத்தியதரைக் கடல் பக்கம் படகு கட்டும் முறையை நம் ஆட்களுக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கு இது பழக்கமில்லாத சங்கதி. புதுச்சேரிக்கு அந்தக் காலத்தில் உள்துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டது, சலங்குப் படகு போய்ச் சரக்கை இறக்கியது. நம் கட்டுமரமோ அலை பார்த்து மணலில் ஏறும். அங்கே அப்படி இல்லை. கார் நிறுத்துவதுபோல் இரண்டு படகுகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் பின்பக்கமாகவே நுழைய வேண்டும். பின்புறம் கரைச் சுவரைப் பார்த்து நிற்கும். பின்மூலைகளிலிருந்து இரண்டு கயிறு கரைக்கு. முன்பக்கத்தை, நம் மீனவர்கள் அணியம் என்கிறார்களே அதை, பிடித்து வைக்கத் தண்ணீருக்கு அடியில் கனத்த கயிறோ சங்கிலியோ கிடக்கும். அதன் நுனியிலிருந்து ஒரு மெல்லிய கயிறு கரைச் சுவர் வரை வந்து கட்டியிருக்கும். ‘பாந்தீ’ என்பார்கள். பின்புறத்தில் நிற்பவர் கொக்கிக் கழியால் அதைத் தூக்கி, கையில் பிடித்தபடியே படகின் ஓரமாக முன்பக்கம் வரை நடந்துபோய், அடியில் கிடக்கும் கனத்த கயிற்றை மேலே இழுத்து இறுக்கிக் கட்ட வேண்டும். பாசியும் சேறும் ஒட்டியிருக்கும், சிப்பி கையைக் கிழிக்கும். நடுவில் அது நழுவி விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சின் அவ்வளவுதான்.

இத்தனை வேலையையும், காற்று தள்ளிக்கொண்டிருக்கும்போது, இரண்டு நிமிஷத்தில் முடிக்க வேண்டும். ஓட்டுபவரோடு இன்னொருவரும் வேண்டும். அந்த இன்னொருவர் தொண்ணூறு சதவீதம் பெண்டாட்டி. நான் கணக்கெடுத்துச் சொல்லவில்லை. சாயங்காலம் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். மாடியில் ஒரு முசியே நின்று கத்துவார். கீழே ஒரு மதாம் கையில் கயிற்றோடு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பாள். கரையில் இருக்கிறவர்களுக்கு இலவச நாடகம். பிரெஞ்சுக்காரர்கள் நாகரிகமானவர்கள் என்று லிசேயில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் யாரும் படகுத் துறைக்குப் போனதில்லை போலிருக்கிறது.

2014 ஜூலையில் நான் முதல் தடவையாகப் போயிருந்தேன். போர்க்ரோல் தீவுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். மத்தியானத்துக்கு மேல் மிஸ்த்ரால் காற்று எழும்பியது. வடமேற்கிலிருந்து ஆளைத் தள்ளுகிற காற்று. துறைக்குள் நுழைந்தபோது அது இடது பக்கத்திலிருந்து அடித்தது. என்ன செய்யப்போகிறோம் என்று மாப்பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராக இடுக்குக்கு வந்து பின்னுக்கு எடுத்தார். “வலது கயிறு! வலது!” என்றார். வலதுதான் கரைக்குக் கிட்ட இருந்தது. தங்கை எறிந்தாள், கரையில் நின்ற யாரோ வளையத்தில் மாட்டினார். ஆனால் காற்று இடதிலிருந்து வருகிறது. காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில் போயிருந்தால் படகு அதில் தொங்கி நின்றிருக்கும். போகாததால் முன்பக்கம் பக்கத்துப் படகைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்தது.

“கட்டு! கட்டு!” என்று மேலிருந்து கத்தல். அவள் கையாலேயே கயிற்றை இழுத்துப் பார்த்தாள். 11 டன்னை 60 வயதுப் பெண் கையால் இழுக்க முடியுமா? அவசரமாகக் கயிற்றைத் தாக்கேயில், அதாவது இரண்டு கொம்பு வைத்த அந்த இரும்புக் கட்டையில், சுற்றப் போனாள். அதே நொடியில் பின்புறம் சுவரில் இடிக்கப்போகிறதே என்று அவர் எஞ்சினை முன்னுக்குப் போட்டார். அவளுக்கு அது தெரியாது, அவள் விரல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கயிறு விறைத்தது. சுண்டுவிரல் கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில்.

பக்கத்துப் படகுக்காரர் தாவி வந்து எப்படியோ எல்லாவற்றையும் கட்டி முடித்தார். மாப்பிள்ளை இறங்கி வந்து முதலில் பார்த்தது படகின் பக்கவாட்டில் விழுந்த கீறலை. பிறகுதான் விரலை. “பார்த்துச் செய்யக் கூடாதா?” என்று கேட்டார்.

எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. நகம் விழுந்து முளைத்தது, கோணலாக. அன்று ராத்திரி அவள் இடது கையாலேயே ரசம் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரன், அதோடு விருந்தாளி. அந்த மௌனத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

அதற்குப் பிறகு அவள் படகில் கால் வைக்கவில்லை. “தலை சுத்துது” என்பாள். கடல் அமைதியாக இருந்தாலும் தலை சுற்றும். அவர் கொஞ்ச நாள் நண்பர்களோடு போனார், பிறகு படகு பெரும்பாலும் கட்டியே கிடந்தது. அதற்கு வருடா வருடம் துறைக் கட்டணம் வேறு.

நம் வீட்டு ஆண்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். கற்றுக்கொடுக்காத வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று திட்டுவது. படகு என்றில்லை, கார் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கிற பெண்டாட்டியைக் கேளுங்கள், வங்கிச் செல்லான் நிரப்பச் சொல்லி அனுப்பப்பட்டவளைக் கேளுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே கயிறும் கையுமாக நின்றவன். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கே கோப்பெல்லாம் ஆங்கிலம். முதல் வாரம் ஒரு பைலில் “பிளீஸ் ஸ்பீக்” என்று எழுதி என் மேஜைக்கு வந்தது. மேலதிகாரியிடம் நேரில் போய் விவரம் சொல்ல வேண்டும் என்பது அதன் அர்த்தம். எனக்கு அது யாருக்கு, எதற்கு என்று விளங்கவில்லை. பைலை அப்படியே வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கூடமே அதிரும்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். “புட் அப்” என்றால் என்ன என்று கேட்கப் பயந்து, பைலைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்தவன் நான். சிரிக்காதீர்கள். அந்தத் தலைமை எழுத்தருக்கு வேலை நன்றாகத் தெரியும், சொல்லிக் கொடுக்க மட்டும் தெரியாது. பிறகு வேறொரு பிரிவில் ஒரு பெரியவர் வந்தார். ஒரு பழைய பைலை என் முன்னால் பிரித்து வைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை, இந்தக் குறிப்பு ஏன், இந்தக் கையெழுத்து ஏன் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னார். அந்த ஒரு மத்தியானத்தை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன்.

2017 இறுதியில் மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 2018 கோடையில் நான் மறுபடி போனேன். டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், படகை எடுக்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். மகன், மருமகள், பதினொரு வயதுப் பேரன் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்டேன்:

“மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடல்ல உங்களுக்கு மயக்கம் வந்தா இத்தனை பேரையும் யார் கரைக்குக் கொண்டுவர்றது?”

“ரேடியோ இருக்கே மச்சான். பதினாறாம் சானல்.”

“அதுல எப்படிப் பேசணும்னு தங்கச்சிக்குத் தெரியுமா?”

தெரியாது. எஞ்சினை நிறுத்தும் சாவி எது என்பதும் தெரியாது. போனில் 196 அடித்தால் கடல் மீட்பு மையம் எடுக்கும் என்பது பேரனுக்கு மட்டும் தெரிந்திருந்தது, பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருஷம் படகு வைத்திருக்கிற வீடு. பேச்சு அத்தோடு நின்றது. அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். பிறகு அங்கிருந்தே, “சரி, என்ன செய்யலாங்கிறீங்க?” என்றார்.

எனக்குப் படகு பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி எனக்கே முதலில் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் பால்கனியில் வகுப்பு. பழைய தாக்கே ஒன்றைப் பலகையில் திருகிவைத்தார். கயிற்றைக் கையில் பிடித்து நிறுத்தக் கூடாது, முதலில் இரும்பின் அடியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, உராய்வே பெரும்பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் எட்டு மாதிரிக் குறுக்குச் சுற்று. முரட்டு மாட்டின் கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்கிறோமே, அதேதான். கயிற்றைக் கையில் சுருட்டிக்கொள்ளவே கூடாது. தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றாள், அவ்வளவுதான். அவர் அவள் கையைப் பார்த்தார்.

இன்னொன்று, கயிறு கைப்பிடிக் கம்பிக்கு அடியில் வெளியே போய்த்தான் கரைக்குப் போக வேண்டும். கம்பிக்கு மேலே போட்டு எறிந்தால், படகு இழுக்கும்போது கம்பி வளைந்துவிடும். புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பாம். நானும் பால்கனிக் கம்பியில் அதையே செய்தேன்.

அடுத்து, உடம்பைக் கொடுக்காதே என்ற பாடம். படகுக்குப் பிரேக் கிடையாது. வில்லியனூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் காலையா கொடுக்கிறார்? கட்டையைத்தான் கொடுக்கிறார். அதேபோல் இடிக்கும் என்று தோன்றினால் நடுவில் கொடுக்க வேண்டியது காற்றடைத்த உருளையை. ‘பார்பத்தாஜ்’ என்று ஓரத்தில் தொங்கவிடுவார்களே, அது. கையையும் காலையும் அல்ல. கீறல் விழுந்தால் விழட்டும். இதை அவர் தன் வாயால் இரண்டு தடவை சொன்னார். கரைக்குத் தாவவும் கூடாது. காலெடுத்து வைத்து இறங்குகிற தூரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அது ஓட்டுகிறவர் தப்பு, அவர் மறுபடி கொண்டுவரட்டும்.

பேச்சு விஷயத்தில்தான் அதிக நேரம் போனது. “கிட்ட வந்தாச்சு” என்று தங்கை சொல்வாள். அவளுக்குக் கிட்ட என்றால் நாலு மீட்டர், அவருக்கு அரை மீட்டர். இனிமேல் எண்ணிக்கைதான் என்று முடிவானது. “அஞ்சு, நாலு, மூணு” என்று சத்தமாக, கூடவே கையைத் தூக்கி விரலால் காட்டுவது. எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் விரல்தான் கேட்கும். மருமகள் பிரிட்டனி பக்கத்துப் பெண், தமிழ் தெரியாது. அதனால் எண்ணிக்கை பிரெஞ்சில். ஆளுக்கு ஒரே வேலை. தங்கைக்குக் காற்றுப் பக்கத்துப் பின்கயிறு. மகனுக்குப் பாந்தீ, கையுறையோடு. பேரனுக்கு உருளை ஒன்று, இடிக்கிற இடத்துக்கு எடுத்துப்போக. மருமகளுக்கு மறுபக்கக் கயிறு. எனக்கு வாயை மூடிக்கொண்டு நடுவில் உட்காரும் வேலை. அதுவும் ஒரு வேலைதான் என்றார்கள்.

துறைக்கு வெளியே ஐந்து நிமிஷம் நிற்பது என்றும் ஏற்பாடு. காற்று எந்தப் பக்கம், எந்தக் கயிறு முதலில், சரியாக வரவில்லையென்றால் எந்தப் பக்கம் வெளியேறுவோம் என்று ஓட்டுகிறவர் கீழே இறங்கி வந்து சொல்ல வேண்டும். கேட்டவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் சானலில் துறை அலுவலகத்தைக் கூப்பிட்டால் சில இடங்களில் சின்னப் படகில் ஆள் வந்து உதவுவார்கள். அதைக் கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுத்ததில்லை. அது நல்ல வழக்கம் என்பது என் கருத்து.

காற்றில்லாத காலை நேரங்களாகப் பார்த்து நாலு நாள் பழகினார்கள். மூன்றாம் நாள் மகன் ஒரு யோசனை சொன்னான்: அம்மா ஓட்டட்டும், அப்பா கயிறு பிடிக்கட்டும். அவர் பக்கத்திலேயே நின்று, இரண்டு எஞ்சினில் ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும் என்று காட்டிவிட்டு, திறந்த தண்ணீரில் மிதவை ஒன்றைச் சுவர் என்று வைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். அவளுக்கு ஸ்டியரிங்கைவிட அந்த இரண்டு கைப்பிடி பிடித்துப்போனது. “கிரைண்டர் மாதிரிதான் இருக்கு” என்றாள். பிறகு துறையில் மகன் ஓட்ட, மாப்பிள்ளை பாந்தீ எடுக்கப் போனார். கொக்கிக் கழியால் இரண்டு தடவை தவறவிட்டார். மூன்றாம் தடவை எடுத்து, சேறு சொட்டச் சொட்ட முன்பக்கம் நடக்கும்போது கம்பியில் சிக்கி நின்றார். “சீக்கிரம் ப்பா!” என்று மகன் மேலிருந்து கத்தினான். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைப் பாசி. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் என்னிடம், “கப்பல்ல நாப்பது பேர் கயிறு பிடிப்பாங்க மச்சான், இவ ஒருத்திதானே” என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. அந்தத் தலைமுறை. நானும் அதே தலைமுறைதான்.

இதைப் படிக்கிற சிலர் சொல்வீர்கள்: ஆபத்து நேரத்தில் குரல் உயரத்தான் செய்யும், அதைப் பெரிசு பண்ணலாமா என்று. குரல் உயரட்டும். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமே. உயர்ந்த குரலில் சொல்கிற வார்த்தை முன்கூட்டியே பேசிவைத்த வார்த்தையா, அல்லது ஏச்சா என்பதுதான் என் கேள்வி. “இடது, மூணு மீட்டர்” என்று கத்தினால் யாருக்கும் வலிக்காது. நம் வைத்திக்குப்பத்தில் படகு ஏறும்போது குரல் இல்லாமலா? ஆனால் அங்கே கூட இருக்கிற பையன் அலையைப் பல வருஷம் பார்த்து வளர்ந்தவன். ஒரு சொல் கேட்டாலே மிச்சத்தை அவன் அறிவான். அந்தப் பல வருஷத்தைக் கொடுக்காமல் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மனைவிமேல் எறிவது நியாயமில்லை.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மறுபடி போர்க்ரோல் போனோம். திரும்பும்போது காற்று கொஞ்சம் எழுந்திருந்தது, 2014 அளவுக்கு இல்லை. துறைக்கு வெளியே படகை நிறுத்தி, இறங்கி வந்து, காற்று இடது, முதல் கயிறு இடது, வராவிட்டால் வலப்பக்கமாக வெளியே என்றார். நால்வரும் திருப்பிச் சொன்னார்கள். பின்னுக்கு எடுத்தார். தங்கை கோணல் நகத்து விரலோடு கையைத் தூக்கி அஞ்சு, நாலு என்று காட்டினாள். மூணு வரவில்லை. கை குறுக்கே ஆடியது.

“என்னங்க, வேணாம். இன்னொரு தடவை சுத்திட்டு வாங்க.”

கரைப் பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு கணம் நின்றார். பிறகு இரண்டு கைப்பிடியையும் முன்னுக்குத் தள்ளி, படகை வெளியே எடுத்து, துறையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தார்.